தூளுக்கு இரண்டு சாட்சி

விடியும் முன்பே அரவை அறையில் வேலை தொடங்கிவிட்டது. உலர்ந்த கஞ்சாவை இயந்திரத்தில் கொட்டக் கொட்டப் பச்சைத் தூள் எழும்பி இமையிலும் தொண்டையிலும் அப்பியது. வெளியே கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துப் பனி கதவுவரை குவிந்து கிடந்தது.

நோரீன் அந்த இயந்திரத்தின் இரைச்சலுக்குக் காதைக் கொடுக்காமல் வேலை செய்யப் பார்த்தாள். போன வாரம் இயந்திரத்தின் காலடியில் இருமி இருமிச் சுருண்டு செத்த லியோவின் இருமல் இன்னும் அந்த இரைச்சலுக்குள் அவளுக்குக் கேட்டது. இதே இலையை ஒரு கைப்பிடி வைத்திருந்ததற்காக ஒரு காலத்தில் சிறைக்குப் போனவன் அவன். நாடு முழுக்கச் சட்டம் அனுமதித்ததும், "இனிமே பயமே இல்லக்கா!" என்று குதித்துக்கொண்டு வேலைக்கு வந்தான். சட்டம் இலையை எடைபோட்டுக் காத்தது. அவன் நெஞ்சைக் காக்கத்தான் நாதியில்லை.

முதலாளி ஹார்லன் வந்தார். பழைய போலீஸ்காரர், அன்று இலைக்காக ஆளைப் பிடித்தவர், இன்று அதே இலையை விற்கிறார்.

"லியோ செத்தன்னிக்குக் கூட்டின தூள் மூட்டையெல்லாம் இப்பவே அழிச்சாகணும். மதியம் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வாளர் வர்றார். நோரீன், ராபின், நீங்க ரெண்டு பேரும் சாட்சிக்கு நில்லுங்க."

கஞ்சாக் கழிவில் தண்ணீரும் மணலும் கலந்து சேறாக்கும்போது இரண்டு பேர் நின்று பார்த்தாக வேண்டும். அது சட்டம். ஆனால் அந்தத் தூள் சேறாகிவிட்டால், லியோவைக் கொன்றது எது என்று காட்ட எதுவுமே மிஞ்சாது.

"தூளை உறிஞ்சுற மெஷின் அன்னிக்கு ஓடலையே சார்?" என்றாள் நோரீன்.

"அவனுக்கு ஏற்கெனவே நெஞ்சு சரியில்ல. அவன் விழுந்ததை யாரு பாத்தா?"

"கேமரா இருக்கே?"

"அது இலையைப் பாக்கறதுக்கு மாட்டினது."

வேலை போனால் இந்தக் குளிரில் வீட்டில் கணப்பு எரியாது. இரைச்சலுக்குள் லியோ மறுபடி இருமினான். நோரீன் போய் ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்தாள்.

"நான் நிக்க மாட்டேன் சார்."

"ராபின், வேற யாரையாவது கூட்டிக்கிட்டு வா."

"எனக்குக் கண்ணு தெரியல சார். ரெண்டுலயும் உங்க தூளு," என்றபடி ராபினும் உட்கார்ந்தான். யாரோ சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து, மூட்டை ஒன்றுகூட மிச்சமில்லாமல் உட்கார்ந்துவிட்டார்கள்.

"எல்லாருக்கும் வேலை போயிடும், ஞாபகம் வச்சுக்குங்க!"

"இலை சாகுறதுக்கே ரெண்டு சாட்சி கேக்குறீங்க," என்றாள் நோரீன். "லியோ செத்ததுக்கு நாங்க இத்தனை பேர் சாட்சி. ஆய்வாளர் வரட்டும்."

ஹார்லன் போனை எடுத்துக்கொண்டு வெளியேறினார். ஒருத்தி எழுந்துபோய் இயந்திரத்தை நிறுத்தினாள்.

இரைச்சல் அடங்கியது. இருமல் அடங்கவில்லை. நோரீன் திடுக்கிட்டுத் திரும்பினாள். வாயைப் பொத்திக்கொண்டு ராபின் இருமிக்கொண்டிருந்தான். அவனை இழுத்துத் தோளோடு சாய்த்துக்கொண்டாள். மற்றவர்களும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.