தேக்சா வைக்க ஓர் அறை

ராயப்பேட்டையில் எங்கள் தெருப் பள்ளிவாசலுக்குப் பின்னால் பெண்கள் ஓதும் அறை ஒன்று உண்டு. உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், கல்யாணப் பிரியாணித் தேக்சாக்களை அடுக்க அந்த அறை வேண்டும் என்று பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி ஹபீபுர் ரஹ்மானுக்குத் தோன்றிவிட்டது. பாத்திரத்துக்கு இடம் வேண்டும், பாவம். நாங்கள் எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் நாங்கள். அடுப்பு, பிள்ளை, தொப்பித் தையல் எல்லாம் முடித்து மதியம் வந்து உட்கார இருந்த ஒரே இடம் அதுதான். குர்ஆனுக்கு அர்த்தம் படித்ததும், என் பெயரை எழுதிப் பார்த்ததும் அங்கேதான்.

அந்த அறையிலேயே கூட்டம் போட்டார்கள். நடுவே திரை; அந்தப் பக்கம் முத்தவல்லியும் ஆண்களும், இந்தப் பக்கம் நாங்கள். அந்நிய ஆண் காதில் பெண் குரல் விழக்கூடாது என்பது வழக்கம். ஆகவே, எங்களுக்கு ஓதிக்கொடுக்கும் அக்கா, ஜஹனாரா ஆபா சொல்வதை அவர் தம்பி இனாயத் திரையோரம் நின்று அந்தப் பக்கம் சொல்ல வேண்டும். இனாயத் பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். அறையை விடமாட்டோம் என்று ஆபா சொன்னால், யோசிக்க அவகாசம் கேட்கிறார்கள் என்பான். ஆபாவுக்கு அலுத்துவிட்டது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நாளைக்கே சாவியைக் கொடுத்துவிடச் சொல் என்று முத்தவல்லி பேச்சை முடிக்கப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆபா கண்ணைத் திறக்காமலே குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதத் தொடங்கினார்.

குர்ஆன் ஓதும்போது வாய்மூடிக் கேட்க வேண்டும் என்பது அல்லாஹ்வின் கட்டளை. அதை மீற எந்த முத்தவல்லிக்குத் துணிச்சல் வரும்? பெண் குரல் கேட்கிறது என்று சொல்லவும் வாயைத் திறந்தாக வேண்டுமே. அந்தப் பக்கம் கப்சிப். ஆபாவுக்கு மூச்சு வாங்கியதும் பக்கத்திலிருந்த குல்சும் பிடித்துக்கொண்டாள், அவள் விட்ட இடத்தில் நான். யாசீன் முடிந்ததும் இடைவெளி விடாமல் அடுத்த சூரா, அதற்கு அடுத்தது. முத்தவல்லி தொண்டையைச் செருமுவது மட்டும் அவ்வப்போது கேட்டது.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதுதான் நிறுத்தினோம். ஆண்கள் தொழுகைக்கு எழுந்தார்கள். முத்தவல்லி இனாயத்தை விட்டுவிட்டு, முதல் தடவையாகத் திரையைப் பார்த்து நேரே எங்களிடம் பேசினார்.

"தப்பில்லாமத்தான் ஓதறீங்கம்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவர்கள் போனதும், ஜெயித்துவிட்டோம் என்று ஆபாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆபாவின் குரல் கம்மியிருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"இன்னாத்த ஜெயிச்சோம்? அடுத்த வருஷம்னு சொல்லிக்கினுதானே போறாரு. நாளைலேருந்து பகரா சூரா மனப்பாடம் பண்ணுங்க. குர்ஆன்லயே அதான் பெரிசு."