இரண்டாவது ஆள்

என் தங்கை அம்புஜவல்லியைப் பெண் பார்க்க வந்த பட்டாளத்துக்காரன் பழமலை, பஜ்ஜியைப் பிட்டபடி எழுபத்தொன்றாம் வருடத்துச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தான். குண்டு பறக்கும்போது ஓடிப்போய், அடிபட்டுக் கிடந்த இரண்டு பேரைத் தூக்கி வந்தானாம். ஒருவன் ஸ்ரீமுஷ்ணத்து அப்துல் லத்தீப்.

“இன்னொருத்தரு?” என்றேன்.

“அவன் வேற பாஷைக்காரன், மச்சான். டீ ஆறுது பாருங்க.”

நிச்சயம் ஆவதற்கு முன்பே மச்சான். அதுவே எனக்குச் சந்தேகம். செராமிக் கம்பெனியில் என் வேலை கோப்பைகளைச் சுண்டிப் பார்ப்பது. கணீரென்றால் நல்லது, சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே விரிசல். பன்னிரண்டு வருடம் சுண்டியதில் மனிதர்களையும் சுண்டிப் பார்க்கும் புத்தி வந்துவிட்டது. இத்தனைக்கும் நானே பொறுக்கி எடுத்து வந்த ஜாடிதான் எங்கள் வீட்டில் ஒழுகுகிறது. பெண் பார்த்துப் போனபின் இரண்டு தடவை பழமலையை வழிமறித்து அந்தச் சண்டைக் கதையைக் கேட்டேன். இரண்டாவது ஆள் வரும் இடத்தில் குரல் மந்தம் தட்டியது.

“அவரு சொன்னது பொய்யின்னா வந்து சொல்லு, வேணாங்கறேன். நெசம்னா அதுக்கப்பறம் நீ வாயத் தொறக்கக் கூடாது,” என்றாள் அம்புஜம்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பஸ் ஏறினேன். லத்தீப்புக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. தங்கைக்கு வந்திருக்கும் சம்பந்தத்தைச் சொல்லி விசாரித்தேன்.

“தூக்கியாந்தது நெசந்தாங்க,” என்றான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

“ரெண்டு பேரு கெடந்தோம். இன்னொருத்தன்தான் அவருக்குக் கிட்ட இருந்தான், அவனுக்குத்தான் அடி ஜாஸ்தி. நான், ‘அண்ணே, உட்டுட்டுப் போவாதீங்க’ன்னு தமிழ்ல கத்துனேன். அவனத் தாண்டிக்கினு எங்கிட்ட வந்துட்டாரு. என்னப் பள்ளத்துல போட்டுட்டு, அந்தக் குண்டு மழையில திரும்பவும் ஓடுனாரு. தோள்ல போட்டுக்கினு வரும்போதே அவன் உசுரு போயிடுச்சு.”

பிறகு என்னைப் பார்த்தான்.

“நான் கத்தாம இருந்திருக்கணுமாங்க?”

கேள்வி கேட்கத்தான் நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

வேண்டாம் என்றாலும் கேளாமல் கட்டையை ஊன்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தான். நான் பஸ்ஸில் ஏறியதும், “தங்கச்சிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?” என்றான். அதற்குள் பஸ் நகர்ந்தது. கையாட்டியபோது கட்டை நழுவி மண்ணில் விழுந்தது. பின்கண்ணாடியில், பிடிமானம் ஏதுமில்லாமல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். கண்டக்டரை விசிலடிக்கச் சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பஸ் வளைவில் திரும்பியது.