தோர்லாக் பிதுக்கிய குளிர்காலம்

ஹ்ராப்னவீக் ஊரில் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று சொல்வது ஓர் ஆட்டின் குடல். அரசாங்க வானிலைக்காரர்கள் பத்து நாளைக்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆடு ஆறு மாதத்துக்குச் சொல்லும். சொல்லி முடித்ததும் ஆட்டைச் சமைத்துச் சாப்பிடலாம். வானிலைக்காரர்களிடம் அந்த வசதி கிடையாது.

ஐஸ்லாந்தின் வடகரையில் இது சின்ன விஷயமல்ல. இலையுதிர் காலத்தில் வெட்டும் முதல் ஆட்டின் குடலைச் சிக்கெடுத்து மேசைமேல் நீட்டிப் போட வேண்டும். இரைப்பை முனை அக்டோபர், மறுமுனை ஏப்ரல். உள்ளே சரக்கு இருக்கும் இடமெல்லாம் இதமான நாள்கள். தட்டையாக ஒட்டிக் கிடக்கும் இடமெல்லாம் பனிப்புயல். முப்பத்திரண்டு வருடமாக இதைப் படித்துச் சொல்லிவந்தவர் தோர்லாக். வயது எழுபத்து நான்கு, பழைய படகு மெக்கானிக். அவர் கணிப்பு ஒருநாளும் தப்பியதில்லை. தப்பிய வருடங்களில் ஆடு பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வேலி தாண்டி வந்தது என்று நிரூபித்துவிடுவார்.

அந்த வருடம் அவருக்குக் குளிர்காலத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அதன் பெயர் ஹால்பேரா.

ஹால்பேராவுக்கு எழுபத்தொன்று. முப்பது வருடம் மீன் ஆலையில் வேலை பார்த்தவர். கணவர் போய் ஒன்பது வருடம். ஒரே மகள் சோல்வெய்க், ரெய்க்யாவிக்கில் வங்கி உத்தியோகம். மூன்று வருடமாக நவம்பர் பிறந்ததும் ஜீப்பில் வந்து அம்மாவை அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விடுவாள், மே மாதம் திருப்பி அனுப்புவாள். முதலிரண்டு வருடம் தோர்லாக் அதைக் கவனிக்கக்கூட இல்லை. ஆனால் இந்தக் கோடையில் ஹால்பேராவின் வீட்டுக் கூரைத் தகரத்தைச் சரிசெய்யப் போனவர், காபி குடித்தார். மறுநாள் தகரத்தில் எந்தக் கோளாறும் இல்லை, இருந்தும் போனார். ஆகஸ்டு முடிவதற்குள் அந்த வீட்டில் அவர் சரிசெய்யாத பொருள் எதுவும் மிஞ்சவில்லை. ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தை நிறுத்தி மறுபடி ஓட வைத்தார். ஹால்பேரா அவருக்கு முடி வெட்டிவிட்டார். இரண்டு காதும் பத்திரமாக இருந்தன. அதற்கப்புறம் ஏழு மாதம் தனியாகத் தன் வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க அவர் தயாராக இல்லை.

குளிர் கடுமை என்றால் ஓடிவிடுவாள், இதம் என்றால் இருந்துவிடுவாள் என்று தோர்லாக் கணக்குப் போட்டார். ஹால்பேராவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்த ஊர் ஆண்கள் கேட்க மாட்டார்கள். படகு மூழ்கிக்கொண்டிருந்தாலும் பக்கத்துப் படகுக்காரனிடம் மீன் கிடைத்ததா என்றுதான் விசாரிப்பார்கள்.

அக்டோபர் மூன்றாம் வாரம் கொட்டகையில் ஆட்டை அறுத்துக் குடலைப் பிரித்துப் போட்டார். அக்டோபருக்கு ஒரு கைப்பிடி சரக்கு இருந்தது. பிறகு நவம்பர் நடுவிலிருந்து மார்ச் கடைசிவரை குடல் இஸ்திரி போட்ட ரிப்பன் மாதிரி கிடந்தது. சரக்கு முழுக்க ஏப்ரலில் போய் மூட்டை கட்டி உட்கார்ந்திருந்தது. அப்படி ஒரு குடலை அவர் பார்த்ததே இல்லை. மலைப்பாதை ஐந்து மாதம் அடைபடும், கடல் உறையும், வெள்ளைக் கரடிகள் மிதக்கும் பனிக்கட்டியில் ஏறி வந்து கூட்டுறவுக் கடையில் வரிசையில் நிற்கும் என்று அந்தக் குடல் சொன்னது.

தோர்லாக் கதவைத் தாழிட்டார். கட்டைவிரலை ஏப்ரலில் வைத்தார். பற்பசையை அடியிலிருந்து நெட்டித் தள்ளுவது போல மார்ச்சுக்குத் தள்ளினார், மார்ச்சிலிருந்து பிப்ரவரிக்கு, அங்கிருந்து ஜனவரிக்கு. ஒரு மணி நேரத்தில் ஆறு மாதமும் கொழுகொழுவென்று, விருந்து முடித்த பாதிரியார் மாதிரி மினுமினுத்தன.

குளிர்காலத்தின் முதல் நாளான சனிக்கிழமை முதியோர் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், குடல் கணிப்பைக் கேட்டு ஊருக்கு அறிவிக்கும் வானிலைக் கழகம் கூடியது. காபியும் எண்ணெயில் பொரித்த முறுக்கு ரொட்டியும் சுற்றி வந்தன. தோர்லாக் குடலைக் காட்டி, இந்தக் குளிர்காலத்தில் மலைப்பாதை ஒருநாள்கூட அடைபடாது, ஜனவரியில் ஆடுகள் வியர்க்கும், பனி வேண்டுமென்றால் குளிர்பதனப் பெட்டியைத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்று வெளுத்து வாங்கினார். கழகத் தலைவர் எய்விந்த் அதைச் சுவரொட்டியாக எழுதிக் கடை வாசலில் ஒட்டினார். எண்பத்து நான்கு வயதான அந்தப் பழைய கப்பல் தலைவருக்கு வேண்டாத பேச்சு மட்டும் காதில் விழாது.

தோர்லாக் பூரிப்போடு ஹால்பேராவை வீடுவரை கொண்டுவிடப் போனார்.

"அப்போ மூட்டை கட்ட வேண்டியதுதான்," என்றார் ஹால்பேரா பாதி வழியில்.

"எதுக்கு? அதான் பனியே இல்லைன்னு சொன்னேனே."

"அதனாலதான்யா. பாதை அடைச்சுக்கும்னா வீட்டைப் போட்டுட்டு வர முடியாது, தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிச்சிடும், ஆள் இருக்கணும்னு சோல்வெய்க்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். குடல் என்ன சொல்லுதோ அப்படியே ஆகட்டும்னு ஒத்துக்கிட்டா. நீ என்னடான்னா ஆடு வியர்க்கும்ங்கற."

தோர்லாக்கின் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"உனக்கு அங்க போறது பிடிக்கும்னு நெனச்சேன்."

"மூணு பேரன். மூணும் வயலின் கத்துக்குதுங்க." ஹால்பேரா கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இங்க எனக்கு நாலு மணிக்கு ஒரு காபி இருக்கு. உனக்குத் தெரியாதா என்ன?"

மறுநாளே செய்தி வந்தது. சோல்வெய்க் சுவரொட்டியின் படத்தை முகநூலில் பார்த்துவிட்டாளாம். நவம்பர்வரை காத்திருக்காமல் செவ்வாய்க்கிழமையே ஜீப்போடு வருகிறாளாம். லட்சக்கணக்கில் கணக்குப் பார்க்கும் பெண்தான், ஆனால் பிறந்தது ஹ்ராப்னவீக்கில். அரசாங்க வானிலையை ஜோசியம் என்பாள், குடலை விஞ்ஞானம் என்பாள்.

கணிப்பை மாற்ற ஒரே வழி, படித்தவரே கழகத்தின் முன் நின்று மாற்றுவதுதான். திங்கள்கிழமை பகலில் தோர்லாக் அவசரக் கூட்டம் கேட்டார். கூடம் நிரம்பிவிட்டது. கல்யாணத்துக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஹால்பேரா.

"நான் குடலைப் பிதுக்கிட்டேன்," என்றார் தோர்லாக்.

கொலை செய்தேன் என்றிருந்தால் சூழ்நிலை என்ன என்று அனுதாபமாக விசாரித்திருப்பார்கள். இதற்கு அனுதாபம் கிடையாது. எய்விந்துக்கு அன்று காது பாம்புக்காதாக இருந்தது.

"எந்தப் பக்கமா பிதுக்கின?"

"ஏப்ரல்லேருந்து முன்னாடி."

"முப்பத்திரண்டு வருஷமா இதே வேலைதானா?"

"இந்த ஒரு தடவைதான்."

"எதுக்குடா கிழவா?"

தோர்லாக் தொப்பியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கடலும் உதவிக்கு வரவில்லை. "ஹால்பேரா போகக் கூடாதுன்னு," என்றார்.

கூடம் சிரித்த சிரிப்பில் துறைமுகத்துப் பறவைகள் கிளம்பிப் பறந்தன. ஹால்பேராவின் முகம் பீட்ரூட் ஊறுகாய் நிறத்துக்குப் போனது. ஆனால் எழுந்து போகவில்லை. அங்கேயே தீர்ப்பும் சொன்னார்கள். தோர்லாக் இனி ஆயுளுக்கும் குடல் படிக்கக் கூடாது. ரத்தமும் மாவும் அடைத்துச் சமைப்பதற்காகக் குடல் கழுவலாம், அவ்வளவுதான். பழைய சுவரொட்டியைக் கிழித்து, இரண்டு தலைமுறை காணாத கொடும் குளிர் என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினார்கள். பசை காய்வதற்குள் ஹால்பேரா அதைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பிவிட்டார். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது. அம்மா வீட்டிலேயே இருக்கட்டும், குழாயைப் பார்த்துக்கொள்ளட்டும்.

குளிர்காலம் வந்தது. அப்படித்தான் சொன்னார்கள், யாரும் கண்ணால் பார்க்கவில்லை. டிசம்பரில் மழை தூறி நின்றது. ஜனவரியில் மலைப்பாதை மொட்டைத்தலை மாதிரி பளபளத்தது. பிப்ரவரியில் எய்விந்த் கோட் இல்லாமல் வெறும் சட்டையோடு கடற்கரையில் உலாவினார், ஆடுகள் நிஜமாகவே வியர்த்தன. தோர்லாக் பிதுக்கிச் செய்த கணிப்பு நாள் பிசகாமல் பலித்துக்கொண்டிருந்தது. அவர் வாழ்க்கையிலேயே ஆட்டின்மேல் பழி போடாமல் பலித்த முதல் கணிப்பு அதுதான். அதைச் சொல்லி மார்தட்ட முடியவில்லை. வாயைத் திறந்தால் ஜீப் வந்துவிடும். பதவி போனவராகவே, கேலி செய்தவர்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு, பொய் சொன்ன அந்த ஆட்டின் ஈரலைத் தின்றுகொண்டிருந்தார்.

ஒரு நாள் நாலு மணிக்கு அவர் முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல்கள் திறந்திருந்தன. ஹால்பேரா தொலைபேசியில் இருந்தார்.

"ஐயோ, கேக்காதடி. கதவைத் திறக்க முடியல. நேத்து ஜன்னல் வழியா ஏறிப் போய்த்தான் பால் வாங்கினேன். ஆமா, கழுத்துவரைக்கும். இப்பவும் புயல்தான். இரு, சத்தம் கேக்குதா பாரு."

தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு தோர்லாக்கைப் பார்த்தார்.

"ஊது."

ஹ்ராப்னவீக் சரித்திரத்திலேயே சரியாகக் குளிர்காலம் கணித்த ஒரே மனிதர் கோப்பையைக் கீழே வைத்தார், மூச்சை இழுத்து நெஞ்சை நிரப்பிக்கொண்டார், தொலைபேசிக்குள் வடக்குக் காற்றாக ஊத ஆரம்பித்தார்.

"இன்னும் கொஞ்சம்," என்று சத்தமில்லாமல் வாயசைத்தார் ஹால்பேரா. "மார்ச் வரைக்கும் தாங்கணும்."