நெஃபெஷுக்குத் தமிழில் என்ன?

1
இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. உத்திரமேரூர் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சுலோச்சனா திரும்பிக் கேட்டாள்: “நீங்க எய்துறவருதானே சார்? நெஃபெஷ்னா தமிழ்ல இன்னா?”

இஸ்ரேலில் ஒரு மூதாட்டியைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவள் அவள். எபிரேயம் காதுவழியாகவே படிந்துவிட்டது. ஆன்மா என்றேன். உதட்டைப் பிதுக்கினாள். மனசு என்றேன்.

“ரெண்டும் இல்ல சார். ரெண்டுந்தான்.”

நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: ஏரிக்கரையில் காற்று வீ... (வேண்டாம். இந்தக் கதையில் காற்றுதான் தகராறு.)

2
அவள் ஊர் திரும்பியதே கணவன் வசந்த்குமாருக்காக. நடவு சமயத்தில் பம்புசெட்டுக்குப் போனவன், மோட்டாரைப் போடாமல் பொழுதுக்கும் உட்கார்ந்திருந்தான். பிறகு பேச்சு குறைந்தது; சோறும் இறங்கவில்லை.

“காத்து அடிச்சிக்கீது. பூசாரி இருசப்பன இட்டாந்து வேப்பிலை அடிச்சா சரியா பூடும்,” என்றாள் மாமியார் அம்முலு.

“காத்து இல்லத்த, நெஃபெ...” நாக்கில் வந்ததை விழுங்கிக்கொண்டு, “மனசு,” என்றாள் சுலோச்சனா.

“மனசுல இன்னா கொற அவனுக்கு? நீ வுட்டுட்டுப் போனதா?”

அவள் தனக்குத் தெரிந்த சொற்களைப் புரட்டினாள். எபிரேயத்தில் மனநோய்க்கு நெஃபெஷின் நோய் என்றே பெயர். ஆனால் ‘ரூவாக்’ என்றால் காற்று, ஆவியும் அதுவே, ஒருவருடைய மனநிலையைச் சொல்லவும் அதே சொல். அப்படியானால் மாமியார் சொல்வதும் சரியா?

(இங்கே அவளைவிட எனக்குக் குழப்பம் அதிகம். அகராதிபோல ஒரு பக்கம் எழுதி, அடித்துவிட்டேன்.)

3
பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: “மனசுக்கு எப்படி இருக்கு?”

வசந்த்குமார், “உள்ள ஆளே இல்ல,” என்றான்.

அதற்கு இரண்டு மொழியிலும் சுலோச்சனாவுக்குச் சொல் அகப்படவில்லை. மாத்திரைகளோடு வீடு திரும்பினால், வாசலில் இருசப்பன் வேப்பிலைக் கொத்தோடு நிற்கிறார்.

4
சுலோச்சனா அவரைத் துரத்தினாள் என்று எழுதி, அவளிடமே படித்துக் காட்டினேன்.

“அத்த அவர பெத்தவ இல்லியா சார்? இருசப்பன் வேப்பிலையும் அடிச்சாரு, நான் மாத்திரையும் குடுத்தேன்.”

அதன்பின் கணவன் அருகில் போய் உட்கார்ந்தாள். இஸ்ரேலில் அந்த மூதாட்டி அவளைக் கூப்பிட்ட சொல் தன்னையறியாமல் வாயில் வந்தது: “நெஷமா.” உயிர் என்று பொருள்; செல்லமாகக் கூப்பிடவும் ஆகும்.

அவன் திரும்பினான். “இன்னா சொன்ன?”

“தெர்ல. உன்னத்தான்யா கூப்ட்டேன்.”

அவனைத் திருப்பியது மாத்திரையா, வேப்பிலையா, அந்த ஒரு சொல்லா? ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். எதிலும் அவன் அடுத்துச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் கொஞ்சம் காது கொடுங்கள், வாய் திறக்கிறான்.