குப்பை இல்லாத வளவு

எங்கள் வீட்டு வளவில் குப்பையே இல்லை என்று பெருமையாகத் திரிந்தவள் நான். அந்தப் பெருமையில் மண் விழுந்த கதை இது.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு புத்தளத்து எத்தாளைக்கு வந்தபோது எனக்கு நாலு வயது. "அகதியள் வந்துதான் ஊர் நாறுது" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். கலியாணம் முடித்துத் தனிக்குடித்தனம் வந்த நாளே தீர்மானித்தேன், என் வீட்டுக் குப்பை எவர் கண்ணிலும் படக்கூடாது. மீன் தலையும் செதிலும் தென்னை அடியில் குழிக்குள் போகும். மரக்கறித் தோல் பழைய பீப்பாவுக்குள் எருவாகும். போத்தலும் தகரமும் பழைய சாமான் எடுக்கிறவருக்கு. கடைக்குப் பன்புல்லில் இழைத்த பை கொண்டு போவதால் பிளாஸ்டிக் ஷொப்பிங் பேக் வீட்டுக்குள் வருவதே இல்லை. மகள் ஸுஹைராவுக்கு ஐந்து வயதிலேயே எது எந்த வாளிக்கு என்று மனப்பாடம்.

அவளை முதலாம் வகுப்பில் சேர்க்க விண்ணப்பித்தோம். நாங்கள் உண்மையிலேயே இங்கே இருக்கிறோமா என்று பார்க்கப் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று பேர் வந்திருக்கிறார்கள். அந்த நேரம் நானும் மகளும் மாம்புரியில், வெங்காயத் தோட்டத்தில். என் புருஷன் றஊப் கடலில். பிறகு கடிதம் வந்தது. 'வீடு பூட்டியிருந்தது. குப்பைகூட இல்லை. ஆட்கள் வசிப்பதற்கான அடையாளம் காணப்படவில்லை.'

பக்கத்து வளவு மர்ளியா ராத்தாவிடம் ஓடினேன்.

"உங்களிட்ட ஒண்டும் கேக்கல்லையா ராத்தா?"

"கேட்டாங்க. மன்னார் ஆக்கள்ண்டு சொன்னன். பொய்யா?"

"இருபத்திமூணு வருசமா இங்கதானே இருக்கம்!"

"அத அவங்க கேக்கல்லயே."

மன்னாருக்குப் போனால் அங்கே எங்களைப் புத்தளத்து ஆட்கள் என்கிறார்கள்.

மேன்முறையீடு செய்தோம். மறுபடி பார்க்க வருகிற அன்று காலை, வெட்கத்தை விட்டு அதே ராத்தாவின் வேலியோரம் போய் நின்றேன்.

"கொஞ்சம் குப்பை தாங்களன்."

சிரித்துச் சிரித்து ஒரு உரப்பை நிறையத் தந்தாள். வாசலில் கொட்டிவிட்டுக் கை கழுவ உள்ளே போனேன்.

திரும்பி வந்தால், ஸுஹைரா குந்தியிருந்து எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டிருக்கிறாள். தோல் ஒரு வாளியில், போத்தல் ஒரு வாளியில். வாசல் பாதி சுத்தமாகிவிட்டது.

"உம்மா, ஆரோ நம்மட வாசல்ல கொட்டிட்டாங்க. அவங்க வர முந்தி எடுத்திருவம்."

முதுகில் ஓங்கி அறைந்தேன். வாளிகளைப் பிடுங்கி வாசலிலேயே கவிழ்த்தேன்.

அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். "ஓம், ஆள் இருக்கு" என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

ஸுஹைராவுக்கு இடம் கிடைத்தது. இப்போது அவள் மாங்கொட்டையைச் சூப்பிவிட்டு வாசலில்தான் வீசுகிறாள். நான் அதை அங்கேயே விட்டுவிடுகிறேன்.