முழு டேங்க் ஓடியது

முப்பத்தெட்டு வயதாகியும் அவள் பெயர் குட்டிதான். சின்ன எஞ்சின்கள் பழுது பார்க்கும் கடைக்குச் சொந்தக்காரி. உள்ளே நுழைந்து "மெக்கானிக் இல்லையாம்மா?" என்று கேட்டவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவளை அவள் அக்கா மட்டும் தெருமுனையிலிருந்தே "குட்டீ" என்று கூப்பிட்டுக்கொண்டு வருவாள். வாடிக்கையாளர் முன்னால் மானம் போகிறது என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அக்கா காதில் போட்டுக்கொண்டால்தானே.

அன்றைக்கும் அப்படித்தான் வந்தாள், தோளில் புல் வெட்டும் பிரஷ் கட்டரோடு. இரண்டு வாரத்தில் இது மூன்றாவது தடவை. ஆஸ்பத்திரி வளாகம் முழுக்கப் புல் வெட்டுவது அக்காவின் வேலை. பதினோரு வருஷமாக ஒற்றை ஆளாக வெட்டுகிறாள். இப்போது பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போதே மெஷின் நின்றுபோகிறது என்கிறாள். ஆஸ்பத்திரி அலுவலகத்திலும் அதைப் பார்த்துவிட்டார்கள். இந்தப் பழைய மெஷினை நம்பலாமா, கூடாதா என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வா, இல்லாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். அக்காவுக்கு அந்த வேலையை விட்டால் வேறு வருமானம் கிடையாது. மகளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி.

குட்டிக்கு மண்டை காய்ந்தது. முதல் தடவை ஸ்பார்க் பிளக் மாற்றினாள். இரண்டாம் தடவை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பெட்ரோல் டியூபையும் புதிதாகப் போட்டாள். இரண்டு தடவையும் அவள் வழக்கப்படி முழு டேங்க் ஓட்டியும் பார்த்தாள். அது அவள் கடையின் சட்டம். எந்த மெஷினாக இருந்தாலும் மேஜையோடு பொருத்திய இரும்புப் பிடியான வைஸில் இறுக்கி, ஆக்சிலேட்டர் விசையைக் கம்பியால் கட்டி, டேங்க் காலியாகும் வரை ஓடவிடுவாள். நடுவில் ஒரு தடவை இருமினாலும் திரும்பவும் பிரித்துவிடுவாள். தேறினால் ஒரு அட்டையில் "முழு டேங்க் ஓடியது. நம்பலாம்" என்று எழுதிக் கைப்பிடியில் கட்டுவாள். ஊரில் பாதிப்பேர் அந்த அட்டையை நம்பித்தான் அவளிடம் வருகிறார்கள்.

அக்காவின் மெஷினுக்குப் பதினாறு வயது. விசையை விட்டால் நாலு மூச்சு முனகிவிட்டு அணைந்துவிடும், அது எப்போதும் உள்ள குணம்தான். மற்றபடி மகராசி. மூன்று வருஷத்துக்கு முன்னால் எஞ்சினையும் கைப்பிடி உள்ள நீளக் குழாயையும் சேர்க்கிற இடத்தில் இருந்த ரப்பர் பிய்ந்துபோனபோது, எங்கே தேடியும் அந்தப் பழைய மாடலுக்கு ரப்பர் கிடைக்கவில்லை. குட்டி சும்மா விடுவாளா? அதே அளவுக்கு ஒரு இரும்பு வளையம் கடைந்து, போல்ட் போட்டு முறுக்கிவிட்டாள். ஜென்மத்துக்கும் பிய்யாது என்று மார்தட்டிக்கொண்டாள். சொந்தக் கடை திறந்து அவள் செய்த முதல் வேலை அது. அக்காவும் ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் முதல் நர்ஸ் வரை எல்லோரிடமும், என் தங்கச்சி போட்டது, அசையாது என்று சொல்லித் தீர்த்தாள்.

மூன்றாவது தடவையும் வைஸில் ஏறியது மெஷின். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஓடி முடித்தது. குட்டிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பழைய பெட்ரோல் ஊற்றுகிறாயா, எண்ணெயை அளக்காமல் கலக்கிறாயா, கீழே கீழே போடுகிறாயா என்று அக்காவைக் குடைந்தாள். ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பித் தருகிற அக்கா அன்றைக்கு, அட்டையைக் கொடு என்று மட்டும் சொன்னாள். அட்டையை வாங்கித் தானே கட்டப்போனாள். நூல் முடிச்சு விழவில்லை. நாலு தடவை முயன்றுவிட்டுப் பல்லால் கடித்து இழுத்தாள். கண்ணாடி மாற்றவேண்டிய வயது வந்துவிட்டது என்று குட்டி கேலி செய்தாள். அந்தக் கேலியை நினைத்து நினைத்துப் பின்னால் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் குட்டி கடையைப் பூட்டிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். எழுதித் தருவதற்கு முன்னால் இன்றைக்கு நானே வெட்டிப் பார்க்கிறேன் என்றாள். அக்கா விடவில்லை. உனக்குப் பழக்கமில்லை, கல் தெறிக்கும், போய் உன் வேலையைப் பார் என்று மெஷினை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடிவாதத்தில் இருவரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் அல்லவா? கடைசியில் தோள்வார் குட்டியின் தோளுக்கு வந்தது.

நடைபாதை ஓரமாக வெட்டத் தொடங்கினாள். எஞ்சின் அருமையாகத்தான் ஓடியது. கால் டேங்க் போனதும் உள்ளங்கையில் குறுகுறுவென்றது. பாதி டேங்கில் விரல்கள் இருக்கிற இடமே தெரியவில்லை. திடீரென்று மெஷின் முனகி, அணைந்துபோனது.

வந்தியா வழிக்கு என்று குட்டி குனிந்து பார்த்தாள். பெட்ரோல் இருந்தது. டியூப் சரியாக இருந்தது. அப்புறம்தான் தன் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் விசையைவிட்டு நழுவி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நழுவியதே அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று தடவை முழு டேங்க் ஓட்டினோமே, வைஸுக்குக் கை மரத்துப்போகுமா? கம்பிக்கு விரல் நழுவுமா? ஒரு நாளாவது கையில் பிடித்து ஓட்டிப் பார்த்தோமா? அவள் போட்ட இரும்பு அசையவே இல்லை. ரப்பர் வாங்கிக்கொள்ள வேண்டிய எஞ்சினின் உதறல் பூராவும் அதன் வழியாக அக்காவின் கைக்குப் போயிருக்கிறது, தினம் நாலு மணி நேரம், மூன்று வருஷமாக.

மெஷினைக் கீழே வைத்துவிட்டு வந்து அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பினாள். காலைக் குளிரில் இரண்டு விரல் நுனிகள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. குட்டி நகத்தால் அழுத்தினாள். அக்கா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள், அழுத்தியதே தெரியாமல்.

"எத்தனை நாளாக்கா இப்படி?"

இரண்டு வருஷமாம். பொத்தான் போட்டுவிடுவது மகளாம். ஊசியில் நூல் கோத்தே ஒரு வருஷம் ஆகிறதாம். யாரோ பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல அக்கா சொன்னாள்.

"நான்தான்க்கா பண்ணேன்," என்றாள் குட்டி. "ரப்பர் இருந்த எடத்துல இரும்பப் போட்டேன். நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

அக்கா கையை இழுத்துக்கொண்டாள். "போட்ட அன்னிக்கே தெரிஞ்சுது, முன்ன விட உதறுதுன்னு. ஆனா நீ அந்த அட்டைய எழுதிக் கட்டிட்டு, என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்ன. கடை தொறந்து மொத வேலை. எப்படிடி சொல்றது?"

"அதுக்காக மூணு வருஷமா?"

"அப்புறம் பழகிடுச்சு. விரல் போச்சுன்னா வேலையும் போயிடுமே. மெஷின்தான் நிக்குதுன்னு சொன்னா நீ எப்படியாவது சரிபண்ணிடுவேன்னு நெனச்சேன்."

குட்டி அங்கேயே புல்லில் உட்கார்ந்து அழுதாள். அக்கா அவள் தலையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டே, அழுகிற மூஞ்சியைப் பார்த்தால் எவனும் உன்னிடம் மெஷின் கொடுக்கமாட்டான் என்றாள்.

ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில்தானே இருந்தது. குட்டி இழுக்காத குறையாக அக்காவை உள்ளே கூட்டிப்போனாள். டாக்டர் விரல்களைச் சோதித்துவிட்டு, நாலு மாதம் எந்த மெஷினையும் தொடக்கூடாது, கையைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டும், உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், முழுக்கத் திரும்பும் என்று உறுதி சொல்லமுடியாது என்றார்.

ஞாயிறு முழுக்கக் குட்டி கடையில் கிடந்தாள். இரும்பு வளையத்தைக் கழற்றி எறிந்தாள். வேறொரு மெஷினின் ரப்பரை வாங்கி வந்து, அறுத்து, தேய்த்து, ஐந்தாவது முயற்சியில் பொருத்தினாள். வைஸ் பக்கமே போகவில்லை. பின்பக்கத்துக் காலி மனையில் தன் இரண்டு கையாலும் பிடித்து முழு டேங்க் ஓட்டினாள். அட்டையை மட்டும் திரும்பக் கட்டவில்லை. அப்புறம் மேனேஜருக்கு எழுதினாள்: மெஷின் நன்றாக இருக்கிறது, முன்பு செய்த பழுது என் தவறு, நாலு மாதம் அக்காவுக்குப் பதில் காலையில் நான் வெட்டுவேன், வேலை அக்கா பெயரிலேயே இருக்கட்டும். மேனேஜர் இரண்டு தடவை படித்தார். புல் வெட்டப்பட்டால் சரி என்றார்.

அந்த நேரத்தில் கடையை அக்கா பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. அவள் வாய்க்கு ஒரே வாரத்தில் வாடிக்கை பாதியாகிவிடும் என்று குட்டி புலம்பினாள். ஆனால் முதல் நாள் அக்கா கடைக்குப் போகவில்லை. வெந்நீர் பாட்டிலை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் விட்டுட்டே, இந்தப் பக்கம் விட்டுட்டே என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

டேங்க் காலியானதும் குட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மரத்திருக்கா, கொடு பார்க்கலாம் என்று அக்கா அவள் வலது கையை வாங்கினாள். விரல்களால் தடவிப் பார்த்தாள். அந்த விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு நொடி யோசித்துவிட்டு, குட்டியின் கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடி ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள்.

"சூடா இருக்கு," என்றாள். "இப்ப கட்டு அந்த அட்டைய."