வெட்டாமல் வந்த இடுப்புக்கறி

மைக்ரோவேவ் கதவைத் தொலேகன் சாத்தப் போகும் நேரத்தில் குல்ஸிரா தட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். முழுச்சூட்டில் வைத்துக் கறியைச் செருப்புத்தோல் ஆக்குவதில் தன் கணவனுக்கு நிகர் இந்தத் தாரஸ் நகரத்திலேயே கிடையாது என்பது அவள் கட்சி.

“தள்ளுங்க. உங்களுக்காகத்தான் சுட வைக்கறேன். எனக்கு ஒரு வாய்கூட வேண்டாம்.”

“நான் என்ன ஊட்டியா விட்டேன்?”

நேற்று அவள் அக்கா ரவ்ஸாவின் மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் விருந்து. தொலேகன் மட்டும் போய்வந்தான். விருந்து வீட்டிலிருந்து யாரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாதே, சர்கித் என்று ஒரு பை நிறையச் சாப்பாடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். முன்பு அம்மா இறந்த நாற்பதாம் நாள் சாப்பாட்டில், ஊரே பார்க்க, “அம்மா படுத்துக் கெடந்தப்ப எட்டிப் பாக்கல, கறிக்கு மட்டும் மொத ஆளா வந்துட்டா” என்று ரவ்ஸா கேட்டுவிட்டாள். எடுத்த துண்டைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தவள்தான் குல்ஸிரா. அந்த வீட்டு உப்பு இனி என் நாக்கில் படாது என்று சொல்லி வருஷங்கள் ஆகிவிட்டன. அக்கா கேட்டதில் பாதி உண்மை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

வெந்த மாவுத்தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துத் தட்டின் ஓரமாகச் சுற்றி அடுக்கினாள். நடுவில் குவித்தால் ஓரம் காயும், நடு சில்லென்றே கிடக்கும். மேலே கறிச்சாறு தெளித்தாள். அலுமினியத் தாளில் தனியாகச் சுற்றியிருந்ததைப் பிரித்தாள். இந்தப் புண்ணியவான் விட்டால் தாளோடு உள்ளே வைத்திருப்பான்.

உள்ளே ஆட்டின் இடுப்பெலும்பு. கறி முழுசாக இருந்தது, ஒரு கத்திக்கீறல் இல்லை. தலைமை இடத்தில் உட்காருபவருக்கு வைப்பது அது. யாருக்கு வைக்கிறார்களோ அவர்தான் வெட்டிப் பங்கிட வேண்டும்.

“இது யாருக்கு வெச்சது?”

“உனக்குத்தான். கதவுக்கு எதிர்ல தலைமை இடத்தைக் காலியா விட்டு, தட்டை வெச்சுட்டா உங்கக்கா. ஒரு பெரியவர் கத்தியை எடுத்தாரு. ‘கை வைக்காதீங்க, என் தங்கச்சி வந்து வெட்டுவா’ன்னுட்டா. எல்லாரும் எழுந்து போற வரைக்கும் அப்படியே இருந்துச்சு.”

“நேத்தே ஏன் சொல்லல?”

“அவ பேரை எடுத்தாலே இங்க பாத்திரம் பறக்குது. எங்க சொல்றது?”

குல்ஸிரா எலும்பை மாவுத்தகடுகளின் நடுவில் வைத்தாள். தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்தாள். சூட்டைப் பாதியாகக் குறைத்து வைத்தாள். நின்றதும் எடுத்து, சற்று ஆறவிட்டு, கறியைத் திருப்பிப் போட்டு மறுபடியும் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்ததைத் தொலேகன் பார்த்தான். பார்க்காததுபோல் தேநீர் ஊற்றினான்.

தட்டு மேசைக்கு வந்ததும் அவன் கத்தியை எடுத்தான்.

“கையை எடுங்க. நான்தான் வெட்டணும்.”

முதல் துண்டு அவனுக்கு. அடுத்ததை எலும்பை ஒட்டி வெட்டினாள். அங்கே கொழுப்பு இன்னும் வெள்ளையாக உறைந்திருந்தது.

“அது சூடே ஏறல. இன்னும் ஒரு சுத்து வெச்சிடு.”

குல்ஸிரா அதற்குள் வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்திருந்தாள்.